தொப்பையும் இனிப்பு நீரும்: ஆண்களின் ஹார்மோனில் என்ன நடக்கிறது?

நாற்பது வயதைத் தாண்டிய ஆண்கள் பலரிடம் கேட்கும் புகார் இது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அசதி, சாப்பிட்டதும் தூக்கம், சட்டை வயிற்றுப் பக்கம் இறுகுகிறது, தாம்பத்தியத்தில் நாட்டமும் குறைந்துவிட்டது. ‘வயசாகிடுச்சு’ என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறார்கள். வயதும் ஒரு காரணம்தான். ஆனால் பெரும்பாலும் வயிற்றுக் கொழுப்புக்கும் இதில் பங்கு உண்டு.

சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. நாட்டின் மொத்த அளவு 18.3 விழுக்காடு. நமக்கு இது அடுத்த வீட்டுக் கதை அல்ல.

இரத்தத்தில் உள்ள சீனியைத் தசைக்குள் அனுப்பும் ஹார்மோன்தான் இன்சுலின். குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு, கொழுப்பு அமிலங்களை நேராகக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. வீக்கத்தைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. இதனால் கல்லீரலும் தசையும் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கிறது. இதுவே இன்சுலின் எதிர்ப்பு நிலை. சீனியின் அளவு ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது தொடங்கிவிடலாம்.

ஆண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கொழுப்பில் உள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதைக் கண்ட மூளை ‘போதும்’ என்று நினைத்து, விரைகளுக்கு அனுப்பும் உத்தரவைக் குறைக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை கரைகிறது, வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. சாப்பாட்டுச் சீனியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். அது குறைந்தால் இன்சுலினின் வேலை மேலும் கடினமாகிறது. தொப்பை ஹார்மோனைக் குறைக்கிறது, குறைந்த ஹார்மோன் தொப்பையை வளர்க்கிறது.

பின்கழுத்தும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால் அழுக்கு என்று தேய்ப்பவர்கள் உண்டு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது; பலருக்கு அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். ஆசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். காற்சட்டை அளவை நம்பக் கூடாது. தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுகிறவருக்கு அது பல வருடம் மாறாமலே இருக்கும்!

இந்த அசதிக்கு மருந்தாகப் பலர் தேடிப் போவது ‘ஆண்மைக் காப்பி’. இப்படி விற்கப்படும் பொருள்கள் சிலவற்றில் சில்டெனாஃபில், தடாலாஃபில் போன்ற மருந்துகள் சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவர் இதைக் குடித்தால், இரத்த அழுத்தம் திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஜிம்மில் கிடைக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ விந்தணு உற்பத்தியை முடக்கிவிடும். பிள்ளைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் இதை அறிவதில்லை.

எடை குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் தானாகவே ஏறுகிறது. 90 கிலோ உள்ளவர் 5 முதல் 9 கிலோ குறைத்தாலே இன்சுலினும் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். நடைப்பயிற்சி நல்லதுதான், அதோடு எடை தூக்குவது, உட்கார்ந்து எழுவது போன்ற தசைப் பயிற்சியும் வேண்டும். தே தாரிக்கை ‘சீனி கொறைச்சு’ என்று கேட்டாலும் அதில் கெட்டிப்பால் இருக்கிறது. காப்பி ஓ கோசோங் மேல். இரவு ஷிப்ட் செய்யும் பாதுகாவலர்களும் லாரி ஓட்டுநர்களும் பகல் தூக்கத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது, ஏனெனில் டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. பலமாகக் குறட்டை விடுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முதலில் அரசாங்கக் கிளினிக்கில் சீனி, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்ப்பது போதும். டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அதற்கு இரத்தம் காலை வேளையில், வெறும் வயிற்றில் எடுக்கப்படும். முதல் முறை குறைவாக வந்தால் இன்னொரு நாள் மீண்டும் எடுத்துப் பார்த்த பிறகே சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள்.