அரியர் விழுந்தால் அடுத்த ஆண்டுக்கு விடுவார்களா?

விடுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பக்கம் பி.காம்., பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பள்ளியில் தவறினால் அதே வகுப்பில் உட்கார வேண்டும். கல்லூரியில் அப்படி இல்லை. மூன்றாண்டுப் படிப்பில் ஆறு செமஸ்டர் (அரையாண்டுப் பருவம்). தவறிய தாள் மட்டும் அரியராக (நிலுவைத் தாள்) நிற்கும். அடுத்த செமஸ்டர் தேர்வோடு அதற்கும் பணம் கட்டி எழுதலாம்.

தேற எவ்வளவு வேண்டும்? சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் 100க்கு 40. ஆனால் இண்டர்னலில் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 25க்கு 25 வாங்கியிருந்தாலும், எழுத்துத் தேர்வில் 75க்கு 30 இல்லாவிட்டால் அது அரியர்தான்.

அப்படியானால் எதுதான் ஆளை நிறுத்தும்? அட்டெண்டன்ஸ். 75 விழுக்காடு வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 68 நாளாவது வகுப்பில் இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கண்டோனேஷன் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும் கட்டணம்) கட்டித் தப்பலாம். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள். பாதி நாள்கூட வராதவர் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். இரண்டு தாள் போனதும் "இனி எதற்குக் காலேஜ்" என்று ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டுக்கு அந்தச் சம்பளம் தேவை என்பது உண்மை. ஆனால் அரியரை இரவில் உட்கார்ந்து படித்து எழுதிவிடலாம். போன வருகை நாட்களைத் திரும்ப வாங்க வழியே கிடையாது. வேலை கட்டாயம் என்றால் விடுமுறையில் போகட்டும். காலை, மதியம் என இரண்டு ஷிஃப்டு நடக்கும் கல்லூரியானால், சேரும்போதே உங்களுக்குத் தோதான நேரத்தைக் கேளுங்கள்.

அரியரால் நட்டமே இல்லையா? உண்டு. ஒரு தாள் மிச்சமிருந்தாலும் பட்டம் கைக்கு வராது. பட்டம் கேட்கும் வேலைக்கும், பி.எட்., எம்.காம். சேர்க்கைக்கும் அது தடையாகும். ரேங்க் பட்டியலிலும் பெயர் வராது.

வாணியம்பாடி இஸ்லாமியா, வேலூர் முத்துரங்கம் அரசுக் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் (தேர்வைத் தாமே நடத்துபவை) சில விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்ளும். அதனால் உங்கள் கல்லூரிக் கையேட்டை ஒருமுறை படியுங்கள். மாதக் கடைசியில் உங்கள் அட்டெண்டன்ஸ் எவ்வளவு என்று துறையில் கேட்டு எழுதி வையுங்கள். ஹால் டிக்கெட் தரும் நாளில் கேட்டால் யாராலும் உதவ முடியாது.