பத்து இருமா ஒரு வேலி ஆகாதா?

ஒரு வேலி நிலத்தைப் பத்துப் பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும்? தஞ்சை மாவட்டத்து விவசாயி எவரைக் கேட்டாலும், 'இரண்டு மா' என்று உடனே சொல்லிவிடுவார். மாவுக்கு 100 குழி. வேலிக்கு 20 மா. பழைய தமிழ்க் கணக்கிலும் இருபதில் ஒரு பங்குக்குப் பெயர் மா. பத்தில் ஒரு பங்குக்குப் பெயர் இருமா. ஆகவே பத்து இருமா சேர்ந்தால் ஒரு வேலி. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

இதே கணக்கைக் கணிப்பொறியிடம் கொடுத்துப் பார்ப்போம். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், சி எனப் பல கணிப்பொறி மொழிகள் இன்று உள்ளன. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 0.1 என்னும் எண்ணை ஒவ்வொன்றாகப் பத்து முறை கூட்டச் சொன்னால், விடை 1 என்று வருவதில்லை. 0.9999999999999999 என்று வருகிறது. 'ஒரு வேலி நிறைந்துவிட்டதா?' என்று கேட்டால், 'இல்லை' என்று அது சாதிக்கும்! வினாடிக்குக் கோடிக்கணக்கில் கணக்குப் போடும் பொறிக்கு, கணக்குப்பிள்ளை விரல் விட்டுச் சொல்லும் விடை ஏன் வரவில்லை?

இரண்டில் அடங்காத ஐந்து

நாம் எண்களைப் பத்தின் அடிப்படையில் எழுதுகிறோம். கணிப்பொறியோ 0, 1 என்னும் இரண்டே குறிகளைக் கொண்டு இரும முறையில் எழுதுகிறது. அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவை முறையே 1/2, 1/4, 1/8, 1/16. ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. ஆதலால் இரும முறையில் இவை மிச்சமின்றி அடங்கிவிடும்.

மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இந்த மூன்றின் கீழெண்ணிலும் 5 ஒளிந்திருக்கிறது. இரண்டால் எத்தனை முறை வகுத்தாலும் ஐந்து மறைவதில்லை. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333... என்று முடிவில்லாமல் எழுதுவது போல, 1/10 இரும முறையில் 0.000110011001100... என்று நீண்டுகொண்டே போகும். கணிப்பொறியின் இடமோ அளவானது. எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தித்தானே ஆகவேண்டும்? அங்கே ஒரு சிறு பிழை புகுந்துவிடுகிறது.

ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். மாவும் தனியே அடங்காது. காணியும் தனியே அடங்காது. ஆனால் இரண்டையும் கூட்டிய மாகாணி, அதாவது 1/20 + 1/80 = 1/16, மிகச் சரியாக அடங்கிவிடும்!

இந்தச் சிறு பிழை உயிரைக் குடித்ததும் உண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த ஒரு பேட்ரியட் ஏவுகணைத் தளத்தின் கணிப்பொறி 100 மணி நேரம் நிறுத்தாமல் இயங்கிக்கொண்டிருந்தது. அது காலத்தைப் பத்தில் ஒரு வினாடி கணக்கில் எண்ணி, அதை 1/10-ஆல் பெருக்கி வினாடியாக மாற்றியது. அந்த 1/10 வெறும் 24 பிட் இடத்தில் வெட்டி எழுதப்பட்டிருந்தது. 100 மணி நேரத்தில் பிழை சேர்ந்து சேர்ந்து வினாடியில் மூன்றில் ஒரு பங்காயிற்று. பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையைத் தளம் வானில் தவறான இடத்தில் தேடியது. 28 படைவீரர்கள் மாண்டனர்.

முந்திரி காட்டும் வழி

இதற்கு மாற்று உண்டா? உண்டு. பின்னத்தை விட்டுவிட்டு, மிகச் சிறிய அலகை எடுத்து முழு எண்ணாக எண்ணுவதே அந்த வழி. ஒரு வேலியை 320 முந்திரி என்று கொண்டால் அரை 160, கால் 80, மா 16, காணி 4. எல்லாம் முழு எண்கள். இருமா 32 முந்திரி. பத்து இருமா 320 முந்திரி. கணக்கு நேர்!

பணக் கணக்கிலும் இதே உத்திதான். ரூபாயைப் பின்னமாக வைக்காமல் பைசாவாக எண்ணினால் ஒரு காசும் தவறாது. பைத்தான் மொழியில் பின்னங்களைப் பின்னமாகவே வைத்துக் கணக்கிடும் தனி எண் வகையும் இருக்கிறது. ஆக, எந்தப் பண்டத்துக்கு எந்த முகத்தலளவை என்று தேர்வது போல, எந்தக் கணக்குக்கு எந்த எண் வகை என்று தேர்ந்தெடுப்பது நிரல் எழுதுவோரின் முதற் கடமை.

சோழர் கால நிலக்கணக்கில் வேலியின் 5242,88,00,000-இல் ஒரு பங்கு வரை கணக்கிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி குறிப்பிட்டுள்ளார். இன்றைய வேலியை வைத்துப் பார்த்தால் இது சுமார் அரைச் சதுர மில்லிமீட்டர். கடுகு நிற்கும் இடத்தைவிடக் குறைவு. எந்த அளவுகோலும் இதை வயலில் அளந்திராது. வகுத்ததில் வந்த மிச்சத்தை வெட்டி எறியாமல் எழுதி வைத்ததன் விளைவு என்றே இதைக் கொள்ளலாம்.

நிறைந்த மரக்கால்

முழு எண்ணுக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஜாவா மொழியில் 'ஷார்ட்' என்னும் எண் வகைக்கு 16 பிட் இடமே உண்டு. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகளின் எடையை ஒருவர் இந்த வகையில் கூட்டிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். 819 மூட்டை வரை தொல்லை இல்லை, 32,760 கிலோ. 820-ஆவது மூட்டை வந்ததும் 32,800 வரவேண்டும். வருவதோ −32,736! மரக்கால் நிறைந்தால் நெல் வழிவதைக் கண்ணால் பார்க்கலாம். இங்கே ஓசையின்றி வரவு கடனாகிவிடுகிறது.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் வெடித்துச் சிதறியது. பெரிய எண் ஒன்றை 16 பிட் இடத்தில் திணிக்க முயன்றதே அதன் தொடக்கம். பைத்தான் மொழியிலோ முழு எண் தேவைக்கேற்ப வளர்ந்துகொண்டே போகும். அதற்கு விலை, சற்றுக் கூடுதலான நேரமும் நினைவகமும்.

சூனியம் வேறு, இல்லாமை வேறு

இனி, எண்ணே இல்லாத இடத்துக்கு வருவோம். மழைமானியை நாள்தோறும் காலை 8.30 மணிக்குப் பார்த்துக் குறிக்கிறார்கள். ஓர் ஊரில் ஐந்து நாள் குறிப்பு 12, 0, 30, —, 8 மில்லிமீட்டர் என்று இருக்கட்டும். இரண்டாம் நாள் மழை இல்லை. நான்காம் நாள் எவரும் அளக்கவில்லை. இந்த இரண்டும் ஒன்றா?

அளந்த நான்கு நாளுக்குச் சராசரி 12.5. கோட்டைச் சூனியம் என்று கொண்டால் சராசரி 10 ஆகிவிடும். இத்தகைய இடங்களில் நடக்கவே முடியாத ஓர் எண்ணைக் குறியாக இடும் வழக்கம் உண்டு. இந்திய வானிலைத் துறை ஆய்வாளர்களுக்கு வழங்கும் கட்டவாரி மழைக் கணக்கில் −999 என்பது அத்தகைய குறி. அதை அறியாமல் கூட்டினால், நம் ஊரின் சராசரி மழை −189.8 மில்லிமீட்டர்! இந்தப் பிழையாவது கண்ணில் படும். 10 என்ற பிழை கண்ணில் படாது. அதை நம்பி ஒருவர் நாற்றங்கால் விடுவதைத் தள்ளிப்போடவும் கூடும்.

இந்தக் குழப்பத்துக்கு 1985-இல் ஒரு வழி பிறந்தது. வில்லியம் கஹன் என்னும் அறிஞரின் பெரும்பங்குடன் உருவான ஐ.இ.இ.இ. 754 என்னும் எண் தரநிலை, 'நேன்' என்னும் சிறப்பு மதிப்பை ஏற்றது. 'எண் அல்ல' என்பது அதன் பொருள். சூனியத்தைச் சூனியத்தால் வகுத்தால் நேன் வரும். நேனோடு எதைக் கூட்டினாலும் நேன்தான். பாலில் விழுந்த துளி மோர் போல அது கணக்கு முழுவதும் பரவி, 'எங்கோ பிழை இருக்கிறது' என்று காட்டிக்கொடுக்கும். அது தனக்குத்தானே கூடச் சமமாகாது! தெரியாத இரண்டு மதிப்புகளைச் சமம் என்று எப்படிச் சொல்வது?

ஆயினும் எல்லா மொழிகளும் ஒன்றுபோல் நடப்பதில்லை. மழையளவு எழுத வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டுவிட்டு, 'இதை எண்ணாக மாற்று' என்று சொல்லிப் பாருங்கள். பைத்தான், 'இது எண் அல்ல' என்று பிழை சொல்லி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மறுபேச்சின்றி 0 என்று எழுதிக்கொள்ளும். 'அளக்கவில்லை' என்று சொற்களால் எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் நேன் தரும்; ஆனால் சி மொழியின் 'ஏடாய்' என்னும் பழைய கருவி அதையும் 0 என்றே எடுத்துக்கொள்ளும். புள்ளியியலுக்கென்று பிறந்த ஆர் மொழி இன்னும் நுட்பமானது. 'கணக்குப் பிழைத்தது', 'விவரம் கிடைக்கவில்லை' என்னும் இரண்டுக்கும் வெவ்வேறு குறிகளை வைத்திருக்கிறது.

தூற்றிய பின் அளப்போம்

ஒன்றை மறக்கலாகாது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. ஒருவர் கை தவறி 1200 என்று எழுதிவிட்டால், எந்த மொழியும் அதைத் தடுக்காது. மொழிக்கு அது ஒழுங்கான எண்தான். அணையின் உயரம் மொழிக்குத் தெரியாது. நிரல் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். '0-க்குக் குறையாமல், 120-க்கு மிகாமல் இருக்கிறதா?' என்று கேட்கும் ஒரு வரியை அவர்தான் எழுத வேண்டும்.

களத்தில் நெல்லைத் தூற்றிப் பதரை நீக்கிய பிறகே அளக்கிறோம். பதரும் பார்வைக்கு நெல் போலத்தான் இருக்கிறது; உள்ளே மணி இல்லை. அளக்காத நாளுக்கு எழுதிய சூனியமும் அப்படிப்பட்ட பதர்தான். உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் 0.1-ஐப் பத்து முறை கூட்டிப் பாருங்கள். ஒரு வெற்றிடத்தை எண்ணாக மாற்றிப் பாருங்கள். விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கணிப்பொறி ஒரு சராசரியைச் சொல்லும்போது, 'எத்தனை நாள் அளந்தாய்?' என்று கேட்கத் தோன்றும்.