மோட்டார் சைக்கிளின் 'டிக் டிக்' ஓசையும் எண்ணெய்த் தேர்வும்



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இன்று ஜொகூரிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறார்கள். பெரியவர்கள் பால் வெட்டப் புறப்பட்ட அதே விடியற்கால இருட்டில் பிள்ளைகள் கடற்பாலத்தை நோக்கிப் புறப்படுகிறார்கள். சிங்கப்பூரிலேயே குடியிருந்து, சாப்பாடும் பொட்டலங்களும் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைப்பவர்களுக்கும் இந்த வண்டிதான் ஆதாரம். அங்கே மோட்டார் சைக்கிளைப் பதிவு செய்வதற்கான உரிமைச் சான்றிதழின் விலை மட்டுமே 2022-இல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. ஆகவே வண்டி கெட்டால் குடும்பத்தின் வருமானமும் கெடும்.

அந்த வண்டியின் எஞ்சினில் ஒருநாள் 'டிக் டிக்' என்று ஓசை கேட்கிறது. "கெட்டியான எண்ணெய் ஊற்று, சத்தம் போய்விடும்" என்று பக்கத்திலிருப்பவர் யோசனை சொல்கிறார். இது சரியா? இன்று அதைப் பார்ப்போம்.

நாம் கப்சாய் என்று அழைக்கும் சிறு வண்டிகள் பெரும்பாலும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் உள்ளவை. 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் இவ்வகை வண்டிகளுக்கு முன்னோடி. இந்த எஞ்சினின் தலைப்பகுதியில், காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வால்வும், புகை வெளியேற ஒரு வால்வும் இருக்கின்றன. சுழலும் கேம் தண்டு ஒரு நெம்புகோலைத் தள்ள, அது வால்வை அழுத்தித் திறக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,400 சுற்று சுற்றினால், கேம் தண்டு அதில் பாதி, அதாவது 700 சுற்று சுற்றும். அப்படியானால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 700 முறை தட்டப்படுகிறது.

நெம்புகோலுக்கும் வால்வுக்கும் நடுவே வேண்டுமென்றே சிறிது இடைவெளி விட்டிருப்பார்கள். இதைத்தான் மெக்கானிக்குகள் 'டாப்பெட்' இடைவெளி என்பார்கள். ஹோண்டாவின் சிறு எஞ்சின்கள் பலவற்றில் இது 0.05 மில்லிமீட்டர், எழுதும் தாளின் கனத்தில் ஏறக்குறையப் பாதி. இந்த இடைவெளியில் தட்டும்போது எழுவதே மெல்லிய 'டிக் டிக்' ஓசை. எனவே சிறிதளவு ஓசை நோயல்ல, எஞ்சினின் இயல்பு.

பால் வெட்டும் கத்தியை நினைத்துப் பாருங்கள். மேலாக வெட்டினால் பால் வராது. ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். வால்வின் இடைவெளியும் அப்படித்தான். தட்டும் பாகங்கள் தேய்ந்தால் இடைவெளி கூடும், ஓசை பெருகும், வால்வு போதிய அளவு திறக்காது. மாறாக, வால்வு உட்காரும் வளையம் தேய்ந்தால் இடைவெளி குறையும். அப்போது ஓசை அடங்கிவிடும். வண்டி அமைதியாக ஓடுகிறதென்று நாம் மகிழ்ந்திருப்போம். ஆனால் வால்வு முழுதாக மூடாமல், சூடான புகை அந்தச் சந்தில் பீறிட்டு, வால்வின் விளிம்பையே எரித்துவிடும். ஓசை போடும் வால்வைவிட ஓசை போடாத வால்வே சில வேளை ஆபத்தானது என்பதை மறக்கக் கூடாது.

ஓசைக்கு வேறு காரணங்களும் உண்டு. காலையில் வண்டியைக் கிளப்பியதும் கேட்டுச் சில நொடிகளில் அடங்கினால், அடியில் தங்கிய எண்ணெய் மேலே ஏறும் வரை எழுந்த ஓசை அது, கவலை வேண்டாம். சங்கிலி உரசுவதுபோல் கரகரவென்று கேட்டால் கேம் சங்கிலி தளர்ந்திருக்கலாம். 'சுக் சுக்' என்று காற்று கலந்து கேட்டால், புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கசிவு இருக்கலாம். அடிப்பகுதியில் கனமாக 'டக் டக்' என்று இடித்தால் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

இனி எண்ணெய்க்கு வருவோம். மலாய்மொழியில் 'மிஞாக் ஹீத்தாம்' என்று சொல்லி வாங்குகிறோமே, அந்த டப்பாவின் மேல் 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று எழுதியிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதனோடு சேர்ந்த எண் சிறியதாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் எளிதில் ஓடும். இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் எண்ணெய்க்குள்ள கெட்டித்தன்மையைக் காட்டும். "நம் ஊரில் ஏது குளிர்?" என்று கேட்கலாம். எண்ணெய்க்கு நம் காலை நேரமே குளிர்தான். 10டபிள்யூ-40 எண்ணெய் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காக இளகிவிடுகிறது.

தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெய் ஓசையைச் சற்று அமுக்கலாம். ஆனால் தேய்ந்த பாகத்தை அது வளர்க்காது. கூடிய இடைவெளியைக் குறைக்காது. காலையில் எஞ்சினின் தலைக்குப் போய்ச் சேரவும் தாமதிக்கும். வண்டியின் கையேடு எந்த எண்ணைச் சொல்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இவ்வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் எண்ணெயிலேயே நனைந்து இயங்குகிறது. சில கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அது கிளட்சை வழுக்கச் செய்யும். லாரிகளுக்கு நடுவே முந்தும்போது கிளட்ச் வழுக்கினால் என்ன ஆகும்! இதற்காகவே ஜப்பானியர் 1998-இல் ஜாசோ தரத்தை வகுத்தார்கள். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்றிருந்தால் நனைந்த கிளட்சுக்கு ஏற்றது. எம்.பி. என்றிருந்தால் அது கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெயின் அளவைப் பாருங்கள். சிறு எஞ்சினில் ஒரு லிட்டருக்கும் குறைவாகவே எண்ணெய் இருக்கும். கால் லிட்டர் குறைந்தாலே எஞ்சினின் தலை வறண்டு ஓசை எழுப்பும். கடற்பால நெரிசலில் காற்றோட்டமின்றி ஊர்ந்து போகும்போது எஞ்சின் மேலும் சூடேறும். நாளுக்கு 80 கிலோமீட்டர் ஓட்டினால் 25 வேலைநாளில் 2,000 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. ஆகவே வாரம் ஒருமுறையாவது வண்டியை நேராக நிறுத்தி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து அளவுகோலைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். பல வண்டிகளில் அதைத் திருகாமல் செருகியே பார்க்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் ஓசை நீடித்தால், எஞ்சின் நன்கு ஆறியிருக்கும்போது டாப்பெட்டை அளந்து சரிசெய்யச் சொல்லுங்கள். நெடுந்தூரம் ஓட்டிப்போய் நிறுத்திய சூட்டோடு செய்தால் அளவு தவறும்.

கடைசியாக, வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தேக்கா, சிராங்கூன் சாலை வட்டாரத்தை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீர், 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு தேக்கிவைக்கும் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேருகிறது, அது குடிநீர். பழைய எண்ணெயை டப்பாவில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ஓசை கேட்டால் முதலில் எண்ணெயின் அளவு, அடுத்து டாப்பெட், அதன் பிறகே மற்றவை. இந்த வரிசையை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொண்டால், வீண் செலவும் குறையும். வேலைக்குப் போன பிள்ளை நேரத்தோடு வீடு திரும்புவதும் உறுதிப்படும்.