பூங்காவுக்கு நாயை அழைத்து வருபவரின் கடமைகள்

சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் அடுக்குமாடி வாழ்க்கை பரவியதன் விளைவுகளுள் ஒன்று, குழந்தைகளும் வளர்ப்பு நாய்களும் ஒரே சிறு நிலப்பரப்பை ஒரே நேரத்தில் பயன்படுத்த நேர்ந்திருப்பதாகும். தனி வீடுகளில் நாய் பெரும்பாலும் வாசலிலோ கொல்லைப்புறத்திலோ கிடந்தது. குழந்தைகளுக்குத் தெருவே ஆடுகளமாக இருந்தது. இன்றோ நாய்க்கு உலவக் கிடைப்பதும் குழந்தைக்கு ஓடக் கிடைப்பதும் குடியிருப்பின் நடுவிலுள்ள அதே புல்தரைதான், அல்லது தெருமுனையிலுள்ள அதே மாநகராட்சிப் பூங்காதான். பள்ளி விட்டு வந்த குழந்தைகள் கீழே இறங்கும் மாலை வேளையே பலருக்கு நாயை அழைத்து வரும் வேளையாகவும் அமைந்துவிடுகிறது. இந்த இடப்பகிர்வுக்கென ஒரு நடைமுறை ஒழுங்கு இன்னும் உருவாகவில்லை. சட்டமும் உள்ளாட்சி விதிகளும் ஓரளவு வழிகாட்டினாலும், அவை தொடாமல் விட்ட இடங்களிலேதான் அன்றாடப் பூசல்கள் எழுகின்றன. அவ்வொழுங்குக்கு அடிப்படையாகக் கொள்ளத்தக்கது ஒன்றே: குழந்தைகள் கூடும் இடத்துக்கு நாயை அழைத்து வருபவரே அங்கு நிகழக்கூடியவற்றுக்குப் பொறுப்பாளர், அஞ்சி ஒதுங்க வேண்டிய கடமை குழந்தைக்கு இல்லை, எல்லாத் தொல்லையையும் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடமை நாய்க்கும் இல்லை.

நாய் வளர்ப்போரிடம் மிகுதியாகக் கேட்கப்படும் சொற்றொடர் “பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது” என்பது. அது பெரும்பாலும் உண்மையான அன்பிலிருந்தும் நம்பிக்கையிலிருந்தும் வருவதே. ஆயினும் வீட்டுக்குள் தன் மனிதர்களோடு இருக்கும்போது அந்த நாய் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்றாகும். பத்துக் குழந்தைகள் கூச்சலிட்டு ஓட, பந்து பறக்க, சைக்கிள் மணி ஒலிக்க, முன்பின் அறியாத கைகள் நான்கு திசையிலிருந்தும் நீளும் இடத்தில் அதே நாய் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்லாது. கடித்த நாய்களில் பல, அதுவரை யாரையும் கடித்திராத நாய்களே; குழந்தைகளைக் கடிப்பவற்றுள் பெரும்பகுதி குழந்தைக்கு முன்பே பழக்கமான நாய்கள் என்பதும் பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்த செய்தியாகும்.

கடி என்பது திடீரென்று வருவதன்று. அதற்கு முன் நாய் தன் உடலால் பலமுறை பேசிவிடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இவ்வறிகுறிகளை ஓர் ஏணியாக வரிசைப்படுத்தினார். அதன் கீழ்ப்படிகளில் கொட்டாவி விடுதல், கண் சிமிட்டுதல், மூக்கை நக்கிக்கொள்ளுதல் ஆகியவையும், அடுத்து முகத்தைத் திருப்புதல், உடலைத் திருப்புதல், விலகி நடத்தல் ஆகியவையும், அதன்பின் காதுகளைப் பின்னுக்கு மடித்துப் பதுங்குதலும் வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குதலும், மேற்படிகளில் உடல் விறைத்து முறைத்தல், உறுமுதல், வெறுங்காற்றைக் கவ்வுதல் ஆகியவையும் அமைகின்றன. கடி கடைசிப் படி. கீழ்ப்படிகளில் நாய் கேட்பது இடைவெளி மட்டுமே. அதைக் கவனித்து அழைத்துச் சென்றுவிட்டால் மேற்படிகளுக்கு அவசியமே எழாது. உறுமும் நாயை அதட்டி அடக்குவது பல வீடுகளில் வழக்கமாக உள்ளது. அது மிகத் தவறான பழக்கம், ஏனெனில் உறுமினால் தண்டனை கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட நாய் அச்சத்தை இழப்பதில்லை, எச்சரிக்கும் வழியை மட்டுமே இழக்கிறது. வால் ஆட்டுவதையும் நட்பின் உறுதியாகக் கொள்ள முடியாது: உடல் முழுதும் நெகிழ்ந்து இடுப்போடு சேர்ந்து ஆடும் வால் வேறு, உயர்த்தி விறைத்த நிலையில் குறுக வேகமாக ஆடும் வால் வேறு.

இந்த மொழியைச் சிறு குழந்தைகளால் படிக்க இயலாது என்பதே இச்சிக்கலின் மையம். பல்லைக் காட்டும் நாயின் முகத்தைச் சிரிக்கும் முகமாகவே மிகச் சிறிய குழந்தைகள் எடுத்துக்கொள்வதுண்டு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மனிதக் குழந்தை அன்பைக் காட்டும் வழிகளான கட்டியணைத்தல், முகத்தோடு முகம் வைத்தல், கண்ணுக்குள் உற்றுப் பார்த்தல் ஆகிய மூன்றும் நாயின் உலகில் அச்சுறுத்தலாகப் பொருள்படக்கூடியவை. சிறு குழந்தையின் முகமோ ஏறத்தாழ நாயின் முகத்துக்கு நேராக இருப்பதால், பெரியவருக்குக் காலிலோ கையிலோ விழும் கடி குழந்தைக்குத் தலையிலும் முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. ஆகவே இருவருக்கும் இடையில் நின்று இரு மொழிகளையும் படிக்கக்கூடிய ஒருவர் தேவை. நாயின் கயிற்றைப் பிடித்தபடி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவரால் அது ஆகாது.

கயிறு குறித்து விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஏறக்குறைய ஆறடி நீளமுள்ள, நீளம் மாறாத கயிறே இத்தகைய இடங்களுக்கு ஏற்றது. பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் உருளைக் கயிறு, நாய் ஏற்கெனவே பதினைந்தடி தள்ளி ஒரு குழந்தையின் முன் நிற்கும் வரை உரிமையாளருக்கு எதையும் உணர்த்துவதில்லை, ஓடும் குழந்தைகளின் கால்களிலும் சுற்றிக்கொள்கிறது. நாயை இழுத்து நிறுத்த வலுவில்லாத சிறுவரிடமோ, அதனோடு பழக்கமில்லாத வீட்டுப் பணியாளரிடமோ கயிற்றைக் கொடுத்து அனுப்புவது, கயிறே இல்லாமல் விடுவதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. பயிற்சி பெற்ற நாய் என்ற காரணம் காட்டிக் கயிற்றைக் கழற்றுவோரும் உண்டு. அந்த நாய் கட்டளைக்குப் பணிவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதிரே வரும் தாய்க்கு அது தெரியாது, அவர் தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நிலையை உண்டாக்குவதே அநாகரிகமாகும்.

வாய்மூடியைப் பொறுத்தவரை அதன் வகை முக்கியம். நாய் தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் வாயைத் திறந்து இளைப்பதன் மூலமே தணிக்கிறது. வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை அதைத் தடுத்துவிடுவதால், சித்திரை வெயிலில் அது நாயின் உயிருக்கே கேடாகலாம். இளைக்கவும் நீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வடிவ வாய்மூடியே தகுந்தது. அதுவும் வீட்டிலேயே சிறிது சிறிதாகப் பழக்கப்பட்டிருக்க வேண்டும். பூங்கா வாசலில் முதன்முறையாக மாட்டப்படும் வாய்மூடி நாயின் அச்சத்தை மேலும் கூட்டும்.

2024 மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துப் படுகாயப்படுத்தியதைத் தொடர்ந்து, கயிறும் வாய்மூடியும் பற்றிய மாநகராட்சியின் அறிவுறுத்தல்கள் கடுமையாயின. அதே ஆண்டு மார்ச்சில் ஒன்றிய அரசு 23 வகை நாய்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டு அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் ரத்து செய்தது. பெரிய, வலிய நாயின் கடி கொடியதாகும் என்பதில் ஐயமில்லை. எனினும் இனத்தை மட்டுமே வைத்து விவாதிப்பது, கயிற்றின் மறுமுனையில் இருப்பவரை விவாதத்திலிருந்து விடுவித்துவிடுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு அவரையே நோக்குகிறது: தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய முன்னெச்சரிக்கை எடுக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுபுறம், வளர்ப்பு நாய்களைக் குடியிருப்போர் சங்கங்கள் முற்றாகத் தடைசெய்ய முடியாது என்றும், பூங்காக்களில் நாய்களுக்கென நேரம் வகுத்துக்கொள்ளலாம் என்றும் இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வழிகாட்டியது. தெருநாய்களுக்கு உணவிடும் இடம் குழந்தைகளின் விளையாட்டிடத்திலிருந்து விலகியிருக்க வேண்டும், குழந்தைகளும் முதியோரும் குறைவாக நடமாடும் வேளையே அதற்குரியது என்று 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கூறுவதும் இதே திசையில்தான். ஆகவே ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள வேலியிட்ட பகுதிக்குள் நாய் எந்நேரமும் நுழைவதில்லை, மற்றப் புல்தரையில் காலையிலும் இரவிலும் உலவலாம் என்று ஒரு சங்கம் கூடிப் பேசி முடிவெடுப்பது நாய்க்கு இழைக்கும் கொடுமையாகாது. பிரிட்டனில் உள்ளாட்சிகள் வேலியிட்ட குழந்தைகள் திடல்களில் நாய்களை விலக்கி வைக்கும் ஆணைகளை 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கின்றன. நாய்களை வீட்டு உறுப்பினராகக் கொண்டாடும் நாடு அது.

குழந்தை நாயைத் தொட விரும்பினால் மூன்று இசைவுகள் வேண்டும்: குழந்தையின் பெற்றோருடையது, உரிமையாளருடையது, நாயினுடையது. மூன்றாவதே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. நாயைத் தேடிக் குழந்தை ஓடாமல், பக்கவாட்டில் திரும்பி நின்று, நாய் தானாக வர விட வேண்டும். வந்தால் தலைக்கு மேல் கையை ஓங்காமல் தோளையோ மார்பையோ சில நொடிகள் தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மேலும் வேண்டுமென்றால் நாய் சாய்ந்து நெருங்கும், வேண்டாமென்றால் விலகும். இசைவு இல்லாத நாயை “தொட்டுப் பாரு, கடிக்காது” என்று பிடித்து நிறுத்தும் உரிமையாளர் தம் நாய்க்கே துரோகம் செய்கிறார். “இன்று வேண்டாம், அவளுக்கு மனநிலை சரியில்லை” என்று குழந்தையிடம் மென்மையாக மறுப்பதில் இழுக்கு ஏதுமில்லை. ஸ்வீடனில் 2012இல் தொடங்கிய ஒரு முயற்சி, இடைவெளி தேவைப்படும் நாயின் கயிற்றில் மஞ்சள் நாடா கட்டும் வழக்கத்தைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றுள்ளது.

அஞ்சும் குழந்தையை வலிந்து நாயருகே இழுத்துச் செல்வது அச்சத்தைப் போக்காது, ஆழமாக்கும். லிஃப்டுக்குள் அத்தகைய குழந்தை இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருப்பது நாயுடன் வந்தவரின் பொறுப்பு. விலகியிருக்க விரும்புவதற்கு அச்சம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதுமில்லை: ஷாஃபி நெறியைப் பின்பற்றும் முஸ்லிம் குடும்பங்களில் நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது சமயக் கடமை, தொழுகைக்குச் செல்லும் சிறுவனின் சட்டையை ஆசையாக நக்கும் நாய் அந்தக் குடும்பத்துக்கு உண்டாக்கும் சங்கடத்தை அண்டை வீட்டார் அறிந்திருப்பது நல்லது.

மலத்தை அகற்றுவது வெறும் தூய்மைப் பிரச்சினையன்று. நாயின் குடலில் வாழும் டாக்ஸோகாரா என்னும் உருண்டைப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறிய உடனே நோய் பரப்பும் நிலையில் இருப்பதில்லை. மண்ணில் ஏறத்தாழ இரண்டு வாரங்களேனும் முதிர்ந்த பின்பே அவை தொற்றும் ஆற்றல் பெறுகின்றன. உடனே அள்ளிவிட்டால் அச்சுழற்சி அறுந்துவிடும். விட்டுவைத்தால், மணலில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் சென்று ஈரல், நுரையீரல், அரிதாகக் கண் வரை அப்புழுக்கள் ஊடுருவலாம். கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பூச்சி மருந்து கொடுப்பதும் இதன் பகுதியே.

பிறந்தநாள் விழா போன்ற வீட்டுக் கூட்டங்களில் நாய்க்கு மிக நல்ல இடம், மின்விசிறியும் நீரும் உள்ள ஒரு தனி அறை. பலூன் வெடிக்கும் ஒலியும் கீழே சிந்தும் தின்பண்டமும் குழந்தைகளின் நெருக்கடியும் சாதுவான நாயையும் நிலைகுலையச் செய்யும். பள்ளிகளுக்கு நாய்களை அழைத்துச் செல்லும் முறையான திட்டங்கள் இதற்கு நேரெதிரான ஒழுங்கைக் காட்டுகின்றன: ஹாங்காங்கில் 1991இல் தொடங்கிய ‘டாக்டர் டாக்’ திட்டத்திலும், குழந்தைகள் நாய்க்கு உரக்கப் படித்துக் காட்டும் வகையில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999இல் தொடங்கிய திட்டத்திலும், குணமும் உடல்நலமும் சோதிக்கப்பட்ட நாய்களே அவற்றை நன்கறிந்தவருடன் செல்கின்றன.

ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய் மனிதரைத் தாக்கும் நிகழ்வுகளில் 99 விழுக்காடு வரை நாய்கள் வழியாகவே வருகிறது. 5 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளே அதற்கு அடிக்கடி ஆளாகின்றனர். குருதி கசியும் கடி மட்டுமின்றி, விழுந்து சிராய்த்த முழங்காலை நாய் நக்குவதும் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மிகக் கடுமையான மூன்றாம் வகையில் சேரும் என்பதை விளையாட்டுத் திடலில் நிற்கும் பெற்றோர் பலர் அறியார். அத்தகைய நிலையில் மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ அப்பாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூன்றாம் வகைக்குத் தடுப்பூசியோடு, உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். நாயைப் பத்து நாள் கண்காணிப்பது சிகிச்சையைத் தொடங்கிய பின்பு செய்ய வேண்டியது, தொடங்காமலிருப்பதற்கான காரணமன்று. அந்த வேளையில் உரிமையாளர் “குழந்தைதான் சீண்டியது” என்று வாதிடாமல், நாயைக் கட்டி ஒதுக்கிவிட்டு, அதன் தடுப்பூசி அட்டையையும் தம் கைபேசி எண்ணையும் கொடுத்து, மருத்துவமனை வரை உடன் செல்ல வேண்டும்.