அவுட்டானவன் திரும்பி வரலாமா?

எங்க செல்லூர் ரவுண்டானாவில் கபடி வீரர்கள் சிலையைப் பார்த்திருப்பீர்கள். கபடியில் பாயிண்ட் கணக்கு மூன்று விதம்.

'அமர்' முறையில் தொடப்பட்டவன் வெளியேற வேண்டாம். எதிரணிக்குப் பாயிண்ட் மட்டும் சேரும். 'காமினி'யில் அவுட்டானால், தன் அணியின் 7 பேரும் அவுட்டாகும்வரை வெளியேதான். 'சஞ்சீவனி'யில் எதிரணியில் ஒருவன் அவுட்டானால் நம்மில் ஒருவன் உள்ளே வரலாம். எதிரணி முழுவதையும் வெளியேற்றினால் 'லோனா'. கூடுதலாக 2 பாயிண்ட். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியானது. இன்றைய பெரிய போட்டிகள் சஞ்சீவனி முறைதான்.

பள்ளியில் காமினி ஆட்டத்தில், முதல் தடவை பாடிப் போனதுமே அவுட்டாகி, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து அழுதவன் நான். அரியர் வைத்துவிட்டுக் காலேஜ் பக்கமே வராத நண்பா, நம்ம படிப்பு சஞ்சீவனிடா! நாங்க பாடிப் போறோம்; நீ கோட்டுப் பக்கத்திலேயே இரு.