பாரியா, திமிரியா? நாகசுரத் தேர்வின் அறிவியல்

கொள்ளிடத்தைத் தென் எல்லையாகக் கொண்ட அரியலூர் மாவட்டத்திலும் அதை அடுத்த பெரம்பலூரிலும் கோயில் விழாக்களிலும் திருமணங்களிலும் ஒலிக்கும் நாகசுரம், மேலைநாட்டு ஓபோவைப் போலவே இரட்டை நாக்குக் காற்றுக்கருவியாகும். ஒன்றையொன்று நோக்கிய இரு நாணல் இதழ்கள் ஊதும் காற்றால் அதிர்ந்து, கீழ்நோக்கி விரியும் கூம்புக் குழலுக்குள் இருக்கும் காற்றுத்தம்பத்தை ஒலிக்கச் செய்வதே இரண்டுக்கும் பொதுவான தத்துவம். எனினும் ஓபோவில் உலோகச் சாவிகள் செய்யும் பணியில் பெரும்பகுதியை நாகசுரத்தில் வாசிப்பவரின் விரலும் உதடும் மூச்சுமே செய்வதால், கருவியைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது சுருதி. காற்றுத்தம்பத்தின் நீளம் கூடக்கூட அதிர்வெண் குறையும் என்பதால், குட்டையான வகையாகிய திமிரி நாலு, ஐந்து கட்டை அளவில் உயர்ந்தும், நீண்ட வகையாகிய பாரி இரண்டு, இரண்டரைக் கட்டை அளவில் தாழ்ந்தும் ஒலிக்கின்றன. இரண்டு கட்டை என்பது ஆதார சட்ஜம் ஏறத்தாழ 294 ஹெர்ட்ஸில் அமைவதைக் குறிக்கும். திருமழபாடி நந்தி திருமணம் போன்ற திறந்தவெளி விழாக்களின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கத் திமிரியின் கூர்மை துணைசெய்யும். விரிவான ராக ஆலாபனைக்குப் பாரியின் கனமே பொருந்தும். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பாரியை நிலைபெறச் செய்தார். மத்திமத்தின் இரு வகைகளுள் தாழ்ந்ததான சுத்த மத்திமம் பிசகின்றி ஒலிக்கும் பாரியை நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அவருக்காக உருவாக்கினார்.

சுருதிக்கு அடுத்துக் கவனிக்க வேண்டியது மரம். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரம் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. பழைய வீடுகளின் தூண்களிலும் உத்தரங்களிலும் இருந்த மரத்தைக் கைவினைஞர் விரும்புவதற்குக் காரணம், பல்லாண்டுகளில் ஈரம் வற்றி இறுகிய மரம் எளிதில் வெடிப்பதும் வளைவதும் இல்லை என்பதே. குழலின் கீழ்ப்பகுதியிலுள்ள கூடுதல் துளைகளில் வேண்டியவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியை நுட்பமாகச் சரிசெய்வர்.

குழல் எத்தனை சிறந்ததாயினும் நாதம் பிறக்குமிடம் கொறுக்கந்தட்டையில் செய்து, கெண்டை என்னும் உலோகக் குழாயில் பொருத்தப்படும் சீவாளியே. மெல்லிய சீவாளி குறைந்த மூச்சுக்கே இசைந்து கமகங்களுக்கு எளிதில் வளைந்துகொடுக்கும், ஆனால் வேகமாக ஊதினால் அதன் வாய் மூடிக்கொள்ளும். தடித்தது மிகுந்த மூச்சைக் கேட்டாலும் உரத்த, நிலையான நாதம் தரும்.

ஆகவே, நாகசுரம் வாங்குவோர் தாம் வாசிக்கப்போகும் இடத்தையும் பாணியையும் கொண்டு சுருதியை உறுதிசெய்து, தமக்குப் பழகிய சீவாளியைப் பொருத்தி, சுத்த மத்திமத்தையும் மேல் தாயியையும் ஊதிப் பார்த்த பின்னரே விலை பேச வேண்டும்.