புகைச் சான்றுக்கு எட்டாதவை

இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவாகும் காரோ இருசக்கர வாகனமோ பொதுவாக முதல் 15 ஆண்டுகளில் கட்டாயமாக உட்படும் சோதனை ஒன்றுதான். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 115-ஆவது விதி கூறும் மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனையே அது. மக்கள் வழக்கில் புகைச் சான்று எனப்படும் அதன் சான்றிதழ், பாரத் நிலை 4 என்னும் மாசு வெளியேற்றத் தரத்துக்கும் அதற்குப் பிந்தைய தரங்களுக்கும் உட்பட்ட வாகனங்களுக்கு ஓராண்டும், அவற்றுக்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதமும் செல்லும்.

பேருந்து, லாரி, வாடகைக் கார் ஆகியவற்றின் நிலை வேறு. எஃப்.சி. என்று ஓட்டுநர்கள் குறிப்பிடும் தகுதிச் சான்றை இவை எட்டு ஆண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் பெற வேண்டும். தானியங்கிச் சோதனை நிலையங்களில் சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்திச் சுழலவிட்டு பிரேக்கை அழுத்தும்போது ஒவ்வொரு சக்கரத்தின் பிடிப்பும் தனித்தனியே அளக்கப்படுவதால், இடமும் வலமும் ஒத்துப் பிடிக்காத குறை, கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாத அந்த ஆபத்து, எண்ணாகவே தெரிந்துவிடுகிறது. சொந்த வாகனங்களின் பிரேக்கை இப்படிச் சோதிக்கப் பதினைந்து ஆண்டுகள் காத்திருப்பது பெருங்குறை.

புகைச் சோதனையில் பெட்ரோல் வாகனத்தின் எஞ்சினை, வண்டி நகராமல், வெறுமனே ஓடவிட்டு, சைலன்சர் குழாய்க்குள் செருகிய மெல்லிய குழாய்வழி வாயுவை உறிஞ்சி, அதனூடே அகச்சிவப்புக் கதிரைச் செலுத்துகிறார்கள். காற்றுப் போதாமல் எரிபொருள் அரைகுறையாக எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடும், எரியாமலே வெளியேறும் ஹைட்ரோகார்பனும் தத்தமக்குரிய அலைநீளங்களை ஈர்த்துக்கொள்வதால், குறைந்த கதிரின் அளவே அவற்றின் செறிவைக் காட்டுகிறது. பாரத் நிலை 4 பெட்ரோல் காருக்கு முன்னதன் வரம்பு 0.3 சதவீதம், பின்னது பத்து லட்சம் பங்கில் 200 பங்கு.

டீசல் வாகனத்தில் அக்சலரேட்டரைச் சட்டென முழுவதும் மிதித்து, வெளிவரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். கரும்புகை கக்கிய பழைய எஞ்சின்களுக்கு இம்முறை பொருந்தியது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் நிலை 6 டீசல் கார்களிலோ நுண்துகளைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. அது பழுதானாலும் கழற்றப்பட்டாலும், கண்ணுக்குப் புலப்படாத துகள்கள் ஒளியை அதிகம் மறைக்காமல் தப்பிவிடக்கூடும். எஞ்சின் சுமை இழுக்கையில் மிகுதியாக உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளோ இச்சோதனையில் அளக்கப்படுவதே இல்லை.

நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கச் சாலையில் ஓடும் நிலையை ஒத்த சோதனை தேவைப்படும். துகள்களுக்கோ கருவியை மாற்றினாலே போதும். எஞ்சின் வெறுமனே ஓடும்போதே ஒரு கனசென்டிமீட்டரில் எத்தனை துகள்கள் உள்ளன என்று எண்ணும் கருவியை ஜெர்மனி 2023 ஜூலை முதல் புதிய தர டீசல் கார்களின் பருவச் சோதனையில் கட்டாயமாக்கி, 2,50,000 என்று வரம்பும் விதித்துள்ளது. அத்தகைய கருவியை இந்தியப் புகைப் பரிசோதனை நிலையங்களிலும் கட்டாயமாக்க மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முன்வர வேண்டும்.